செத்த குதிரையும் புளியமரத்துக் கொக்குகளும்: வெஸ்ட் நைல் காய்ச்சல் பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கேட்ட தம்பியின் பெரியப்பா வண்டிப் பந்தயத்துக்காக இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். பத்து நாளைக்கு முன்னால் அதில் ஒன்று பின்னங்கால் தள்ளாடி, உதடு துடித்து, மூன்றாம் நாள் படுத்தபடியே செத்துப்போயிற்று. அதே வாரத்தில் கொல்லையில் ஒரு காகம் செத்துக் கிடந்தது. கேரளத்து வெஸ்ட் நைல் காய்ச்சல் பற்றிய செய்தியை யாரோ கைப்பேசியில் அனுப்பிவைக்க, ஊரே அரண்டு போயிருக்கிறது. மிச்சமுள்ள குதிரையை விற்றுவிடச் சொல்கிறார்கள். ஊருணிக் கரையில் நிற்கும் புளியமரத்தில் கொக்குகள் கூடு கட்டியிருப்பதால் அதை வெட்டிவிடலாம் என்றும் பேச்சு. குதிரையிடமிருந்து எங்களுக்கு வருமா, மரத்தை வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

வராது தம்பி. மரத்தையும் வெட்ட வேண்டாம். இந்த இரண்டு பதிலையும் நான் தயக்கமில்லாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு, அதை விரிவாகவே எழுதுகிறேன். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். குதிரை, கோழி, கொக்கு எல்லாவற்றோடும் பழக்கம் உண்டு.

ஆனால் அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குதிரைக்குத் தள்ளாட்டம் வந்து, துடிப்பு வந்து, விழுந்து சாவதற்கு வெஸ்ட் நைல் ஒன்றுதான் காரணம் என்பதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் அப்படித்தான் செய்யும். காட்டு ஈக்கள் பரப்பும் சர்ரா நோயில் குதிரை மெலிந்து, பின்பக்கம் பலமிழந்து ஆடும். குளம்பில் ஆணி குத்தி வரும் ரணஜன்னியில் (டெட்டனஸ்) உடம்பு மரக்கட்டை போல விறைக்கும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக, வெறிநாய் கடித்த குதிரையும் இதே போலத்தான் சாகும். குதிரைக்கு வரும் வெறிநோய் எல்லா நேரமும் ஆவேசமாக இருக்காது. காலை இழுத்து நடக்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து நம் ஆட்கள் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள், கஷாயம் புகட்டுவார்கள்.

உங்கள் பெரியப்பாவோ, குதிரையைப் பார்த்துக்கொண்டவரோ அந்த மூன்று நாளில் அதன் வாயில் கை வைத்திருந்தால், கையில் சின்னச் சிராய்ப்பு இருந்து அதில் எச்சில் பட்டிருந்தால், நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். பத்து நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், அறிகுறி தோன்றுவதற்கு முன்னால் எப்போது போட்டாலும் வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பலன் உண்டு. காயத்தில் எச்சில் பட்டதைக் குறிப்பாகச் சொல்லுங்கள், தடுப்பூசியோடு, நோயை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் தேவைப்படலாம். செத்த குதிரையிலிருந்து ரத்தமோ மூளைத் திசுவோ எடுக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எதனால் செத்தது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆபத்து அதிகமான காரணத்தை முதலில் அடைக்க வேண்டும்.

சரி, இனி உங்கள் கேள்வி.

வெஸ்ட் நைல் என்பது ஒரு மாவட்டத்தின் பெயர். உகாண்டா நாட்டின் அந்த மாவட்டத்தில் 1937-ல் காய்ச்சலோடு இருந்த ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். டெங்கு, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாம் இதன் பங்காளிகள், ஒரே குடும்பம். இந்தியாவுக்கும் இது புதிதில்லை. 1952-லேயே பம்பாய் மக்களின் ரத்தத்தில், இதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது கண்டறியப்பட்டது. கேரளத்தில் 2011-ல் ஆலப்புழையில் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். 2019-ல் மலப்புரத்தில் ஒரு சிறுவன் இறந்தபோதுதான் தமிழ்நாட்டில் பலரும் இந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

இந்த வைரஸுக்குச் சொந்த வீடு பறவைதான். பறவையிடமிருந்து கொசு, கொசுவிடமிருந்து இன்னொரு பறவை, மறுபடியும் கொசு. இந்த வட்டத்துக்குள்தான் அது வாழையடி வாழையாக வாழ்கிறது. குதிரையும் மனிதனும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள். வைரஸ் ஏறிய கொசு தற்செயலாக நம்மைக் கடிக்கும்போது நமக்கு வருகிறது, ஆனால் நம்மிடமிருந்து அது கிளம்புவதில்லை. ஏன் என்றால் கணக்கு அப்படி. கொசுவுக்குத் தொற்ற வேண்டுமானால் அது உறிஞ்சும் அந்தச் சொட்டு ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்க வேண்டும். நோய் கண்ட காகத்தின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் இருக்கும். குதிரையின் ரத்தத்திலும் மனிதனின் ரத்தத்திலும் அது அந்த அளவுக்கு ஏறுவதே இல்லை, சில நாளில் மறைந்தும் விடுகிறது. குதிரை மூளை பாதிக்கப்பட்டுக் கீழே கிடக்கும்போதும் அதன் ரத்தத்தைக் குடித்த கொசுவுக்குத் தொற்றாது. சாலையில் முட்டுச்சந்து என்று சொல்வோமே, அதுதான் குதிரை, அதுதான் நாம். உங்கள் பெரியப்பாவின் குதிரை வெஸ்ட் நைலால் செத்திருந்தால்கூட அது ஊருக்கு நோயைக் கொடுத்திருக்க முடியாது. ஊரில் எந்தக் கொசு இருந்ததோ அது குதிரையைக் கடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கொசு ஏதோ ஊசி மாதிரி, ஒருவர் ரத்தத்தை எடுத்து இன்னொருவருக்குள் ஏற்றுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. குடித்த ரத்தம் கொசுவின் வயிற்றுக்குப் போகிறது. வைரஸ் அங்கே குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து பெருக வேண்டும். பிறகு சுவரைத் தாண்டி உடம்பு முழுக்கப் பரவி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிடிக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான், அடுத்த முறை கடிக்கும்போது எச்சிலோடு வைரஸ் இறங்கும். இதற்கு நம்மூர் வெயிலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் போலாகும், குளிர் நாட்டில் இன்னும் கூடும். கொசுவின் ஆயுளோ சில வாரம்தான், பெரும்பாலானவை அதற்கு முன்னாலேயே பல்லி வாயிலோ தட்டான் வாயிலோ போய்ச் சேர்ந்துவிடும். ஆக, நோயைக் கொடுக்கக் கூடியது வயதான கொசு மட்டும்தான். அதுவும் பெண் கொசு. முன்பே வைரஸ் ஏறிய பறவையைக் கடித்து, பத்து நாள் பிழைத்து, மறுபடி ரத்தம் தேடி வந்த கொசு. இத்தனை நிபந்தனை இருப்பதால்தான் தினம் நூறு கடி வாங்கும் நாம் இத்தனை பேர் நன்றாக இருக்கிறோம். ஊரில் கொசு பெருத்துப்போனால் அந்த வயதான கூட்டமும் கூடவே பெருகும் என்பதுதான் கவலை.

இந்த வேலையைச் செய்வது கியூலெக்ஸ் இனம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், சுத்தமான தண்ணீரைத் தேடும். கியூலெக்ஸ் விளக்கு வைத்த பிறகு வரும், விடிய விடியக் கடிக்கும். அதிலும் வீட்டுக் கொசு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற பழுப்புக் கொசு, யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கொசு, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறக்கிறது. நூறு இருநூறு முட்டைகளைச் செங்குத்தாக ஒட்டவைத்துச் சின்னத் தெப்பம் போலத் தண்ணீர் மேல் மிதக்கவிடும். பார்த்தால் புகைக்கரித் துணுக்கு மாதிரி இருக்கும்.

புதுக்கோட்டைப் பக்கத்து நமணசமுத்திரம் அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் அந்த வரிசை வரிசையான மண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களிலும் புரவி எடுப்பு முடிந்து பல வருடமான குதிரைகள் வயிறு உடைந்து நிற்கும். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அப்படி உடைந்த குதிரை ஒன்றின் வயிற்றில் தேங்கிய தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்தேன். தெளிந்த தண்ணீர், அதில் இருந்தது ஏடிஸ் புழுக்கள். இருபது அடி தள்ளி, தேநீர்க் கடைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் மொண்டேன். கறுப்புத் தண்ணீரில் நீளமான குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கின கியூலெக்ஸ் புழுக்கள், ஒரே கிண்ணத்தில் எண்ணி மாளவில்லை. நிழல் பட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் நெளிந்து கீழே போயின. ஒரே ஊர், இருபது அடி இடைவெளி, இரண்டு வேறு கொசு, இரண்டு வேறு நோய். மண் குதிரையைக் கவிழ்த்து வைத்தால் டெங்குவுக்கு நல்லது, வெஸ்ட் நைலுக்கு அது பதில் ஆகாது.

பறவைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவில் பல பறவைகளுக்கு வைரஸைச் செலுத்திச் சோதித்துப் பார்த்தார்கள். காகமும் அதன் உறவுக்காரப் பறவைகளும் வைரஸை மிக அதிகமாகப் பெருக்கின. நம் வளவில் உத்திரத்தின் இடுக்கில் கூடு கட்டும் அதே சிட்டுக்குருவி இனமும் நன்றாகவே பெருக்கியது. மாடப்புறாவிலும் கோழியிலும் அந்த அளவுக்கு ஏறவில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மாடங்களில் புறா அடைவதைப் பார்த்து இதுதான் நோய்க்குக் காரணம் என்பவர்கள் உண்டு. புறா எச்சத்தால் வேறு தொல்லைகள் வரலாம், வெஸ்ட் நைல் விஷயத்தில் அதன் பங்கு சொற்பம். கோழிக்குத் தொற்றினாலும் சீக்கு வராது, கொசுவுக்குக் கொடுக்கும் அளவு வைரஸும் பெருகாது, ஆனால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிவிடும். அதனால் அமெரிக்காவில் சில மாநிலங்களில் கோழிக் கூண்டுகளை வெளியில் வைத்து, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்து, வைரஸ் வந்துவிட்டதா என்று காவல் காக்கிறார்கள்.

பறவையின் ரத்தத்தில் வைரஸ் நிற்பது சில நாள்தான், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். பிழைத்த பறவைக்கு எதிர்ப்பு வந்துவிடும், மறுபடி அது வைரஸைப் பெருக்காது. அப்படியானால் வட்டம் எப்படித் தொடர்ந்து ஓடுகிறது? குஞ்சுகளால். ஒவ்வொரு வருடமும் எதிர்ப்பே இல்லாத புதுத் தலைமுறை, அதுவும் இறகு முளைக்காத மேனியோடு, பறக்க முடியாமல் கூட்டில் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்து, கொக்கும் நாரையும் கூடு கட்டும் அதே மாதங்களில்தான் கொசுவும் பெருகுகிறது. அடுத்த வருடமும் அந்த முடிச்சு அப்படியே விழும்.

இதைப் படித்ததும் "அப்போ மரத்தை வெட்டச் சொன்னது சரிதானே" என்று தோன்றும். நானே ஒரு காலத்தில் அப்படி யோசித்தது உண்டு. திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகிற சாலையில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் இருக்கின்றன. 1977-லிருந்து பறவைகள் சரணாலயம். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, வக்கா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்று ஆயிரக்கணக்கில் வந்து அடையும் இடம். அங்குள்ள மக்கள் பறவைகள் கலங்கிவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். பறவைக் கூட்டம் மட்டுமே நோய்க்குப் போதும் என்றால் முதலில் பாதிக்கப்பட வேண்டியது இந்த ஊர்கள்தான். ஆனால் நாரையால் அந்த மக்கள் கொத்துக் கொத்தாக விழவில்லை. பறவை இருந்தால் போதாது, பறவைக்கும் நமக்கும் நடுவில் போய்வரும் கொசு வேண்டும். மரத்தை வெட்டினால் குஞ்சுகள் விழுந்து சாகும், தாய்ப் பறவைகள் அடுத்த ஊர் ஆலமரத்துக்குப் போகும். சாக்கடையில் பிறந்த கொசு அங்கேயே இருக்கும், பறவை கிடைக்காவிட்டால் உங்களையும் குதிரையையும் கூடுதலாகக் கடிக்கும். இது என் ஊகம் அல்ல. அமெரிக்காவில் கோடை கடைசியில் ராபின் பறவைகள் கூட்டை விட்டுக் கலைந்துபோகும் நேரத்தில்தான் கியூலெக்ஸ் கொசுக்கள் மனிதர் பக்கம் திரும்புவதையும், மனிதருக்கு நோய் கூடுவதையும் கவனித்திருக்கிறார்கள்.

குதிரையும் காகமும் நமக்கு எதிரி இல்லை, நமக்கு முன்னால் விழுந்து தகவல் சொல்பவை என்பதற்கு 1999-ல் நியூயார்க்கில் நடந்ததை விட நல்ல உதாரணம் கிடையாது. அந்த வருடக் கோடையில் நகரத்தில் காகங்கள் செத்து விழுந்தன. ஆகஸ்டில் குவீன்ஸ் பகுதியில் வயதானவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடும் கை கால் பலமிழந்தும் மருத்துவமனைக்கு வந்தார்கள். அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த, கொசு பரப்பும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் டிரேசி மெக்னமாரா என்ற கால்நடை நோயியல் மருத்துவர் வேலை பார்த்தார். அங்கே பூநாரைகள், கழுகு, ஆந்தை என்று வரிசையாகச் செத்தன. அறுத்துப் பார்த்தபோது மூளையிலும் இதயத்திலும் பெரிய சேதம். செயின்ட் லூயிஸ் வைரஸால் பறவைகள் இப்படிச் சாவதில்லையே என்பது அவர் கேள்வி. குதிரைகளைத் தாக்கும் இன்னொரு மூளைக்காய்ச்சல் என்றால் ஈமுக்கோழிகள்தான் முதலில் செத்திருக்க வேண்டும், அவையோ நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. மனிதர்களைக் கொல்வதும் பறவைகளைக் கொல்வதும் ஒன்றுதான் என்று அவர் விடாமல் சொல்லி, மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினார். செப்டம்பர் கடைசியில்தான் அது வெஸ்ட் நைல் என்று தெரிந்தது. அந்தப் பருவத்தில் 62 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள். லாங் ஐலண்டில் குதிரைகளும் விழுந்தன. நாலைந்து வருடத்தில் வைரஸ் கண்டத்தின் மறு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. 2002-ல் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட குதிரைகளுக்கு நோய் கண்டது. குதிரைக்கான தடுப்பூசி 2001-லேயே அங்கே புழக்கத்துக்கு வந்தது, அது பரவலான பிறகு எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. மனிதனுக்கான தடுப்பூசி இன்று வரை இல்லை.

ஒரு கால்நடை மருத்துவராக அந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மார்கழி இரவு நினைவுக்கு வரும். பணியில் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரு குதிரை விழுந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தால், குதிரையின் மேலுதடும் மூக்கைச் சுற்றிய தோலும் விடாமல் துடித்தன, தண்ணீரில் கல் போட்டதும் அலை ஓடுமே, அந்த மாதிரி. பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டன. பல்லை நறநறவென்று கடித்தது. நெற்றியைச் சுவரில் முட்டுக் கொடுத்து நின்றது. ரணஜன்னி என்று நினைத்து ஊசி போட்டுவிட்டு வந்தேன். ரத்தம் எடுத்து வைக்கவில்லை. விடியும்போது குதிரை போய்விட்டது. லாயத்துக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் மூடியில்லாத கழிவுத் தொட்டி இருந்ததை அன்று ராத்திரி பார்த்தேன், ஆனால் அது என் மனதில் பதியவில்லை. எந்த நோய் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு லாயத்திலும் குதிரையைப் பார்த்த கையோடு பின்பக்கம் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

நம் பக்கத்தில் வெஸ்ட் நைலை விடப் பழக்கமான பங்காளி ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் அது முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955-ல் வேலூரில்தான். அதற்கும் கொக்கு, மடையான், வக்கா போன்ற நீர்ப்பறவைகள்தான் வீடு, கூடவே பன்றியும் வைரஸை நிறையப் பெருக்கும். அதைப் பரப்புவது கியூலெக்ஸிலேயே வேறு வகை, சாக்கடையில் பிறப்பதில்லை, நெல் வயலில் பிறக்கிறது. அது விரும்பிக் கடிப்பது மாட்டைத்தான். மாட்டின் உடம்பில் வைரஸ் பெருகாது. குதிரைக்கு அதுவும் வரும், அறிகுறியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரத்தப் பரிசோதனையில்கூட இரண்டும் ஒன்றையொன்று காட்டிக் குழப்பும், புணேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் மாதிரியான இடத்தில் கூடுதல் பரிசோதனை செய்துதான் பிரிக்க முடியும். ஒரு நல்ல வேறுபாடு, ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு மனிதருக்குத் தடுப்பூசி உண்டு. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலும், பிறகு ஒன்றரை வயதையொட்டியும் போடுகிறார்கள். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையில் 1985-ல் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் இந்த வயல் கொசுக்களைப் பற்றி நிறைய வேலை செய்தது. வேப்பம்பிண்ணாக்கு பூசிய யூரியா போட்ட வயல்களில் கியூலெக்ஸ் புழுக்கள் குறைந்ததைக் காட்டினார்கள். வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டாலும் புழு செத்துப்போகும். கண்மாய்த் தண்ணீரைச் சிக்கனமாகப் பங்கு வைக்கும் நம் பக்கத்து விவசாயிக்கு இது புதுப்பாடம் இல்லை.

மனிதருக்கு வந்தால் என்ன ஆகும்? பத்துப் பேருக்குத் தொற்றினால் எட்டுப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. மிச்சம் இரண்டு பேருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, சில சமயம் வாந்தி, தோலில் தடிப்பு. கொசு கடித்து இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வரும். தொற்றியவர்களில் ஏறக்குறைய 150 பேரில் ஒருவருக்குத்தான் அது மூளைக்கோ நரம்புக்கோ போகிறது. அப்படிப் போனால் கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கையோ காலோ திடீரென்று விழுந்துபோவது. இந்த நிலைக்குப் போனவர்களில் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, மருத்துவமனையில் வைத்துத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தொடுவதாலோ பக்கத்தில் படுப்பதாலோ ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ரத்தம் ஏற்றுவதாலும் உறுப்பு மாற்றுவதாலும் பரவும் என்று 2002-ல் அமெரிக்காவில் தெரியவந்தது, அதற்கு அடுத்த வருடத்திலிருந்து அங்கே தானம் தரும் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.

வயதானவர்கள் என்று சொன்னதும் நம் ஊர்தான் கண்ணில் நிற்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் ஒரு ஆச்சியும் துணைக்கு ஒரு பெண்ணும் மட்டும் இருப்பார்கள். பக்கத்து வீடு பூட்டியிருக்கும், பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வந்து திறப்பார்கள். நம் முன்னோர் முற்றத்தில் விழும் மழைநீர் ஒரு சொட்டும் தங்காமல் ஓட வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். தெருவில் விழும் நீர் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போயிற்று. இன்று அந்த வரத்துக்கால்களில் பாதி கழிவுநீர் ஓடையாகிவிட்டது. பூட்டிய வீட்டின் கொல்லைக் கிணறு, உடைந்த செப்டிக் டேங்க் மூடி, அதன் காற்றுக்குழாயின் திறந்த வாய், இவை மூன்றும் போதும், ஒரு தெருவுக்கே கொசு சப்ளை ஆகும். காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலை கட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஊரில் இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம் என்பது எனக்குத் தீராத ஆதங்கம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் சாவியைக் கொடுக்கும்போது, மாதம் ஒருமுறை கொல்லைப் பக்கமும் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த வீட்டு ஆச்சிக்குச் செய்யும் பெரிய உதவி.

பாழுங்கிணற்றில் கொசுப்புழு தின்னும் கப்பி மீன் விடலாம். கழிவுத் தொட்டிகளில் தெர்மகோல் மணிகளைப் பரப்பி மேற்பரப்பை மூடினால் புழு மூச்சுவிட முடியாது, முட்டையிட வரும் கொசுவுக்கும் தண்ணீர் கிடைக்காது. தேங்கி நிற்கும் சாக்கடையில் பேரூராட்சி ஆட்கள் எண்ணெய்ப் பந்து போடுவார்கள், உங்கள் பகுதியில் போடவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். ஊருணியில் மட்டும் எண்ணெயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அலையடித்து, மீன் துள்ளுகிற நல்ல ஊருணியில் இந்தக் கொசு அவ்வளவாகப் பிறக்காது. கரையோரம் ஆகாயத்தாமரை மண்டினால்தான் தொல்லை, அதை எடுத்துப் போட்டால் போதும்.

குதிரையை விற்க வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள். இருட்டத் தொடங்கியதும் அதை உள்ளே கட்டி, சன்னலுக்கு வலை போட்டு, ஒரு மின்விசிறியைப் போடச் சொல்லுங்கள். கொசு காற்றை எதிர்த்துப் பறக்காது, விசிறி உண்மையாகவே வேலை செய்யும். வேப்பிலை மூட்டம் போடுவது பழக்கம்தான், ஆனால் அடைத்த லாயத்தில் ராத்திரி முழுக்கப் புகை இருந்தால் பந்தயக் குதிரையின் நுரையீரல் கெட்டுவிடும். தண்ணீர்த் தொட்டியை வாரம் இரண்டு தடவை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மனிதர் பூசும் கொசு மருந்தைக் குதிரைக்குப் பூசாமல், கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். ரணஜன்னிக்கும் வெறிநோய்க்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் குதிரையும் தடுமாறினால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், வாயில் கை வைக்காதீர்கள். வெஸ்ட் நைலாகவே இருந்தாலும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதில்லை. தொற்றிய குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் தெரியாது, அறிகுறி வந்தவற்றிலும் பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்கின்றன. எழ முடியாமல் படுத்துவிட்டால்தான் கஷ்டம்.

காகம் பற்றி. ஒரு காகம் செத்துக் கிடப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், வயலில் வைத்த பூச்சிமருந்து, மின்கம்பி, முதுமை. 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானில் காகங்கள் கூட்டமாகச் செத்தது பறவைக் காய்ச்சலால். அதனால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாளில் நாலைந்து காகங்கள் செத்தால் வெறும் கையால் தொடாமல், பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிள்ளைகளையும் நாயையும் கிட்டே விடாதீர்கள்.

நாளைக்குச் சுகாதார நிலையத்துக்குப் போய்வந்த பிறகு, ஒரு வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் பின்னால் போங்கள். எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் மெதுவாக, உங்கள் நிழல் விழாதபடி மொண்டு பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் புழு எத்தனை, எந்த இடத்தில் என்று ஒரு காகிதத்தில் குறித்து எனக்கு அனுப்புங்கள். மரத்தை வெட்டச் சொன்னவர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களும் பார்க்கட்டும்.